லாரிக்கு ஒரு குடம்

ரஹீமா பீவி சைபுல்லாவுக்கு வாழ்க்கைப்பட்டதாக ஊர் சொல்லும். லாரிக்கு வாழ்க்கைப்பட்டதாக அவள் சொல்வாள். அதில் பொய்யும் இல்லை. மீமிசலில் கரையேறும் மீனைப் புதுக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் அந்த லாரிக்கு ஜைனுதீன் முதலாளி சொந்தக்காரர், சைபுல்லா டிரைவர். அதன் தாகம் தீர்க்கிறவள் மட்டும் ரஹீமா.

கொல்லைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, அத்தனை உப்பு. நல்ல தண்ணீர் வேண்டுமானால் பனங்காட்டைத் தாண்டி மணல் ஊற்றுக்குப் போய், ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் வழித்து வழித்துக் குடத்தை நிரப்ப வேண்டும். விடிவதற்குள் போய்விட்டால் இரண்டு குடம் கிடைக்கும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று லாரிக்கு.

"ரேடியேட்டருக்கு உப்புத்தண்ணி ஆகாது புள்ள. உள்ள குழாயெல்லாம் காரை புடிச்சிரும். தண்ணி ஓடலைன்னா இஞ்சின் கொதிச்சுப்போயிரும்" என்று கல்யாணமான புதிதில் சைபுல்லா சொன்னார். அன்று எடுத்த குடத்தை அவள் காய்ச்சலிலும் இறக்கியதில்லை, ரமீஜாவை வயிற்றில் சுமந்தபோதும் இறக்கியதில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு தண்ணீர் சுமந்திருக்க மாட்டார்கள். கேட்டால் லாரிதான் சோறு போடுகிறதே என்பாள்.

அறுபத்திரண்டில் மழை ஏமாற்றியது. அந்த வருஷம்தான் ரமீஜா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். கால் இரண்டும் தலையணை போல வீங்கியிருந்தன. பார்த்த மருத்துவச்சி, "உப்புத்தண்ணி இவ வாயில படக்கூடாது தாயி. தண்ணி நெறயக் குடிக்கணும், நல்ல தண்ணியா குடிக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஊற்றோ வற்றிக்கொண்டிருந்தது. ஒரு குடம் நிறைவதற்குள் அடுத்தவள் குடத்தை நீட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

ஒருநாள் ரஹீமா கிடைத்த தண்ணீரை மகளுக்கு வைத்துவிட்டு, லாரிக் குடத்தைக் கொல்லைக் கிணற்றில் நிரப்பி வாசலில் வைத்தாள். இன்றைக்கு ஒருநாள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். சைபுல்லா வழக்கம்போல ரேடியேட்டரில் ஊற்றினார். வழக்கம்போலக் கடைசிக் கையளவில் வாயைக் கொப்புளித்துத் துப்பினார். கதவுக்குப் பின்னால் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். பீடியில் வெந்துபோன நாக்குக்கு என்ன ருசி தெரியப்போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒருநாள் பல நாளாயிற்று.

பங்குனியில் லாரி அறந்தாங்கி தாண்டிக் கொதித்து நின்றது. பாரம் முழுக்க நாறிப்போய், மீனைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். அடுத்த வாரம் மறுபடியும் நின்றது. "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா சாவியை நாகராசுகிட்ட கொடுத்திருவேன்" என்றார் முதலாளி. நாகராசு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த பையன், சாவிக்காக ரொம்ப நாளாக நாக்கைத் தொங்கப்போட்டுக் கொண்டிருந்தவன். சைபுல்லாவுக்கோ லாரியை விட்டால் வேறு தொழில் தெரியாது. ரஹீமாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் குடத்தை மாற்றவும் இல்லை. ரமீஜாவின் கால் வீக்கம் அப்போதுதான் வடியத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது முறையும் நின்றது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முதலாளி நேரே வீட்டு வாசலுக்கு வந்தார். சைபுல்லா ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். தட்டத் தட்ட வெள்ளை வெள்ளையாகச் செதில் கொட்டியது. ரஹீமாவுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. புளி போட்டுத் தேய்த்தாலும் போகாமல் அவள் வீட்டுப் பித்தளைக் குடத்தின் அடியில் ஒட்டிக் கிடப்பது அதேதான்.

"இதுதான் நல்ல தண்ணி ஊத்துன லெச்சணமாய்யா?"

"நல்ல தண்ணிதான் மொதலாளி. வீட்டுல கொண்டாந்து வைக்கிறாக."

"அல்லா மேல ஆணையாச் சொல்லு. விட்டுர்றேன்."

சொல்லிவிடுங்களேன் என்று கதவுக்குப் பின்னால் ரஹீமா பதறினாள். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே, சொல்வதில் என்ன பாவம்? செதிலையே பார்த்துக்கொண்டிருந்த சைபுல்லா, ஒரு தடவை கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. தெரியாதவன் ஆணையிட்டிருப்பான். இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். முதலாளி முன்னால் ஒருநாளும் நின்றறியாதவள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அவுக மேல குத்தமில்லைங்க. நாந்தான் கெணத்துத் தண்ணியை மாத்தி வச்சேன். எம் மவ புள்ளத்தாச்சி. அவளுக்குக் குடிக்க வேணும்னு..."

"ஏம்மா, எங்க வீட்டுல வந்து ஒரு கொடம் கேட்டா கொடுத்திருக்க மாட்டோமா?" என்றார் முதலாளி. அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி அவர் இடுப்பிலேயே உண்டு. கொடுத்திருப்பாராம். "நாளைக்கு வெள்ளன லாரி கெளம்பணும். அதுக்குள்ள கழுவி மாட்டு. இல்லாட்டி நாகராசு வேற ரேடியேட்டரோட வந்து எடுத்துக்குவான்."

அவர் போனதும் ரஹீமா கேட்டாள், "எப்பலேருந்து தெரியும் ஒங்களுக்கு?"

"மொத நாளே. வாயில விட்டா தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா அந்தக் கொடத்தை நீ எனக்குல்ல கொடுத்திருப்பே."

அவள் அழுதாள். அழுது முடித்ததும் உள்ளே போய் ரமீஜாவின் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சைபுல்லா அதை வாங்கி இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். துண்டைச் சும்மாடு கட்டி ரேடியேட்டரைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊற்றைப் பார்த்து நடந்தார். அவள் கொட்டாங்கச்சியோடு பின்னால் போனாள்.

அவள் வழித்து ஊற்ற ஊற்ற, அவர் ஈர்க்குச்சியால் குத்திக் குத்திக் கவிழ்த்தார். முதலில் துருவும் சேறுமாக வந்தது, பிறகு வெள்ளைச் செதில். பாதிக் குழாய் திறந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஊற்று களைத்துப்போய்ச் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது.

"போதும் புள்ள. இனிமே ஊறுறது ரமீஜாவுக்கு நாளைக்கு வேணும்."

"இன்னும் பாதி அடைச்சுக் கெடக்கேங்க. ரெண்டு கொடம் ஊத்துனா போயிரும்."

"தெரியும்" என்று சொல்லி அவர் எழுந்துகொண்டார்.

விடிவதற்கு முன் ரஹீமா ஊற்றுக்குப் போனாள். ஒரு குடம் நிறைந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த குடத்துக்காகக் குந்தியிருந்தாள். பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. நாகராசு அடிக்கும் ஆரனும் கேட்டது. கையிலிருந்த கொட்டாங்கச்சியைப் பார்த்தாள். பின்னால் நின்றவளிடம், "நீ புடிச்சுக்க. எனக்கு ஒரு கொடம் போதும்" என்று சொல்லி விலகிக்கொண்டாள்.