முழங்கால் தண்ணீரில் கழுவிய காயம்

எங்கள் ஆசுபத்திரி லேப்புக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. சீழ், சளி, மூத்திரம், இரத்தம் என்று மனிதனுக்குள் கெட்டுப்போனதெல்லாம் என் மேசைக்கு வரும். அதற்குள் எந்தக் கிருமி இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. "உங்களுக்கு அருவருப்பில்லையோ மிஸ்?" என்று கேட்பார்கள். கிருமியில் எனக்கென்ன அருவருப்பு? அதற்குப் பசி, தின்கிறது. எனக்கு மனிதர்களோடுதான் கோபம் வரும். வாப்பா இருந்தவரைக்கும் சொல்வார், "இவளுக்கு வாயில இருக்கிறது நாக்கில்ல, திருக்கை வால்" என்று.

அன்று மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சத்திரசிகிச்சை வாட்டிலிருந்து சின்ன டொக்டர் ஒரு ஊசிக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வழக்கமாகச் சிற்றூழியர்தான் கொண்டுவருவார். டொக்டரே ஓடிவந்தால் அங்கே யாரோ செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். குழாய்க்குள் கறுத்த இரத்தமும் நீரும் கலந்து கிடந்தது.

"கால்ல நேற்றுப் பட்ட வெட்டுக்காயம் மிஸ். சுத்திவரக் கொப்புளம். காலமை முழங்காலுக்குக் கீழ நிண்டது, இப்ப தொடைக்கு ஏறிப்போச்சு. கெதியாப் பாருங்கோ."

வெட்டின கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் ஊரில் காயத்துக்கு முன்னமே கதை ஆசுபத்திரிக்கு வந்துவிடும்.

தலைமன்னார்ப் பக்கத்துக் கரையில் தொழில் செய்யும் அண்ணனும் தம்பியும். தாய் தகப்பன் யுத்தத்தில் செத்துப்போன பிறகு, இந்தியாவில் அகதி முகாமில் வைத்துத் தம்பியை வளர்த்தது அண்ணன்தான். திரும்பி வந்து ஒரே படகில் தொழிலுக்குப் போனார்கள். அண்ணனின் மனைவி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் போன நாளிலிருந்து அவனுக்குக் குடி. விடிந்தாலும் குடி, பொழுது பட்டாலும் குடி. கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, அப்படியும் விடவில்லை. வெட்டு விழுந்ததற்கு முந்தின இரவு வலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் குடிவெறியில் படகுக்குள் சுருண்டு கிடந்திருக்கிறான். இழுவைப் படகொன்று வந்து வலையைக் கிழித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

விடிந்ததும் கரையில் வைத்துத் தம்பி அண்ணனின் முகத்தில் குத்தினான். அண்ணன் துடுப்பை எடுத்து அவன் முதுகில் விளாசினான். இரண்டு பேரும் மண்ணில் புரண்டார்கள். விலக்குப் பிடிக்கப் போனவருக்குப் பல்லுப் போனது. பெண்கள் ஐயோ மாதாவே என்று குழறினார்கள். தம்பியின் கைக்கு மீன் வெட்டும் கத்தி அகப்பட்டது, வீசினான். அண்ணனின் கெண்டைக்கால் வாய் பிளந்தது.

ஆசுபத்திரிப் பொலிஸ் கேட்டபோது அண்ணன் சொன்னது வேறு. வெறியில் தானே கத்தியில் விழுந்ததாகச் சொல்லிவிட்டான். நாக்குக் குழறக் குழறத் தம்பியைக் காப்பாற்றியிருக்கிறான். எல்லாருக்கும் தெரிந்த பொய்தான். யாரும் மறுக்கவில்லை.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுப் பூசி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். கத்தி வெட்டில் வழக்கமாக வரும் கிருமிகளை நான் கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். ஊதா நிறத்தில் உருண்டையாகக் குவிந்து கிடக்கும். இது அதுவல்ல. இளஞ்சிவப்பில் சின்னச் சின்னக் குச்சிகள், ஒவ்வொன்றும் லேசாக வளைந்திருந்தது. பார்த்த இடமெல்லாம் அதுதான். எதிர்த்து நிற்க ஒரு சீழ் அணுவைக் கூடக் காணவில்லை. யா அல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

சந்தேகம் வந்தது, ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவனின் காலை எடுக்க முடியாது. கிருமி வளர்க்கும் தட்டுகளில் விதைத்துவிட்டு வாட்டுக்கு நடந்தேன். தம்பி வாசலில் குந்தியிருந்தான். முதுகில் துடுப்படி வரிவரியாக வீங்கிக் கிடந்தது.

"காயம் பட்டவுடன என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவன் முகம் தெளிந்தது. தான் சரியாகச் செய்த ஒரு காரியத்தைப் பற்றியாவது யாரோ கேட்கிறார்களே என்ற தெளிவு.

"கழுவினனான் மிஸ். நல்லாக் கழுவினனான். அண்ணனைத் தூக்கிக்கொண்டுபோய் முழங்கால் தண்ணியில இருத்தி வைச்சு, ரத்தம் நிக்குமட்டும் கையால தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினனான். கனநேரம் தண்ணிக்குள்ளயே இருந்தம். கடல் தண்ணி எல்லாத்தையும் சாக்காட்டிப்போடும்தானே?"

அவனைப் பிழை சொல்ல முடியாது. இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்வார்கள். காயம் என்றால் கடலில் இறக்கு. சின்ன வயதில் சிலாவத்துறையில் என் காலைச் சிப்பி கிழித்தபோது வாப்பாவும் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குத்தான் ஓடினார். எனக்கு ஆறியது, எல்லாருக்கும் ஆறுகிறது. ஆனால் வெயில் காலத்தில் கரையோரத் தண்ணீர் கஞ்சிபோலச் சுடும்போது ஒரு கிருமி அதற்குள் பெருகும். நல்ல உடம்பென்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஈரல் கெட்ட குடிகாரனின் உடம்பில் புண் வழியாகப் புகுந்ததென்றால், நாள் கணக்குப் பார்க்காது, மணிக்கணக்கில் தின்னும்.

பெரிய டொக்டரிடம் சொன்னேன். அவர் ஏன் எதற்கு என்று இழுத்தடிக்கவில்லை. உடனே மருந்தை மாற்றச் சொல்லிவிட்டு, சத்திரசிகிச்சைத் தியேட்டரை ஆயத்தப்படுத்தச் சொன்னார்.

"மருந்து மட்டும் காணாது. கால் போகவேணும், தொடையோட" என்றார்.

அண்ணனுக்கு நினைவில்லை. சம்மதிக்க மனைவி இங்கே இல்லை. இருந்தது தம்பி மட்டும்தான். டொக்டர் சொல்லி முடிக்கவில்லை, அவன் எழும்பி அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டான்.

"ஏலாது! ஒருக்கா நான் வெட்டிப்போட்டன். இன்னொருக்கா வெட்டுங்கோ எண்டு என்ர வாயால சொல்லமாட்டன்! காலில்லாமல் அவன் எப்பிடி வள்ளம் ஏறுறது?"

மருந்து வண்டியை உதைத்தான். கிண்ணங்களும் கத்தரிக்கோல்களும் வாட்டெல்லாம் பறந்தன. தாதி ஒருத்தி அலறிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். நோயாளர்கள் சேலைன் குழாயோடு கட்டிலை விட்டு இறங்கினார்கள். நான் போய் அவனுடைய கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். என் கை எரிந்தது. அரசாங்க உத்தியோகத்தர் செய்யக்கூடாத வேலைதான். இன்றைக்கும் அதற்கு நான் வருத்தப்படவில்லை.

"மூதேவி! உள்ளுக்குக் கிடக்கிறவனைக் கிருமி திண்டுகொண்டிருக்கு, நீ இஞ்ச நிண்டு சண்டித்தனம் காட்டுறாய்? வா, வந்து பார்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே நிறுத்தினேன். கால் கத்தரிக்காய் நிறத்தில் ஊதிக் கிடந்தது. கொப்புளங்கள் வெடித்து விரிப்பெல்லாம் நனைந்திருந்தது. அழுகிய வீச்சம் மூக்கில் அறைந்தது. தொடையில் டொக்டர் பேனையால் ஒரு கோடு போட்டிருந்தார், நஞ்சு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்காக. அந்தக் கோட்டைத் தாண்டி நாலு விரல் உயரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்லக் கேட்டான். "என்ர கத்தியில இருந்ததோ மிஸ்?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது, வந்தாலும் கிருமி விஷயத்தில் வராது.

"இல்லை. கடல் தண்ணியில இருந்தது."

அவன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். திரும்பினான். சுவரில் நெற்றியை மோதினான். ஒருமுறை அல்ல, சுண்ணாம்பில் சிவப்பு ஒட்டும்வரைக்கும். சிற்றூழியர்கள் பிடிப்பதற்குள் புருவம் பிளந்துவிட்டது. இரத்தம் வடிய வடியக் கையெழுத்துப் போட்டான்.

அன்று பின்னேரமே தொடையோடு காலை எடுத்தார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துவிட்டுத் தின்னாமல் கொட்டினேன். எனக்கு அந்த அண்ணன் உறவும் இல்லை, ஊரும் இல்லை. ஆனால் அவன் தப்பவேண்டுமென்று நான் துஆக் கேட்டேன். அவனுடைய மனைவி குவைத்தில் யாருடைய வீட்டையோ கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது வேறு நெஞ்சுக்குள் கிடந்து குத்தியது.

மறுநாள் தட்டுகளில் கிருமி முளைத்திருந்தது. வாந்திபேதிக் கிருமியைப் பிடிக்கவென்று நாங்கள் ஒரு பச்சைத் தட்டு வைத்திருக்கிறோம். வாந்திபேதியென்றால் அதில் மஞ்சளாக முளைக்கும். இது பச்சையாகவே முளைத்திருந்தது. வாந்திபேதிக் கிருமியின் சொந்தக்காரன்தான், ஆனால் குணம் வேறு. இன்னும் உறுதிப்படுத்த இரண்டு குழாய்களில் விட்டுவைத்தேன், ஒன்றில் உப்பு உண்டு, மற்றதில் இல்லை. அடுத்த நாள் காலையில் உப்பில்லாத குழாய் தெளிவாக இருந்தது. உப்புக் குழாய் கலங்கிப்போயிருந்தது. உப்பில்லாமல் இந்தச் சனியன் வாழாது. இனி ஒருவரும் மறுக்க ஏலாது. மேலிடத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்பதெல்லாம் இனிச் சடங்குக்குத்தான். பிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோசம் வந்தது எனக்கு. அதை மறைக்க மாட்டேன். அந்தச் சந்தோசம் இல்லாவிட்டால் இந்த வேலையை மனிதன் செய்ய மாட்டான்.

அந்த நேரம் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. அண்ணன் போய்விட்டான். காலை எடுப்பதற்கு முன்பே கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் பெரிய டொக்டர். நான் கதிரையை ஓர் உதை விட்டேன். அது போய் அலுமாரியில் அடித்தது.

வெட்டுக்காயத்தோடு வந்த சாவு என்பதால் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்துவிட்டார். பிண அறைக்கு வெளியே, வேப்பமரத்தடியில் அவருக்கு ஒரு மேசை. பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர். பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டுவரச் சொன்னதால் நானும் போனேன். நெற்றியில் கட்டுப் போட்ட தம்பி என்னைக் கண்டதும் ஓடிவந்தான்.

"மிஸ், கத்தியெண்டு சொல்லுங்கோ."

"உனக்கென்ன விசரே? கத்தியெண்டா கொலைக் கேஸ் போடுவாங்கள். உன்ர அண்ணன் தானே விழுந்ததெண்டு சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கிறான். பேசாமல் இரு."

"நான்தான் வெட்டினனான் எண்டு பொலிசுக்குச் சொல்லிப்போட்டன். நீங்களும் கத்தியெண்டு சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன் மிஸ். மற்றதைச் சொல்லாதேங்கோ."

அவன் என் காலைத் தொடக் குனிந்தான். நான் விலகிப் போனேன். ஒரு முட்டாள் தன் கழுத்தைத் தானே கயிற்றுக்குக் கொடுக்கிறானே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அதிகாரி என் முடிவை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "இந்தக் கிருமி எங்கயிருந்து வந்தது, மிஸ்? வெட்டின கத்தியிலயிருந்தோ?"

"இல்லை ஐயா. கத்திக் காயத்துக்குத் தையல் போட்டிருந்தால் ஆறியிருக்கும். கிருமி கடல் தண்ணியில இருந்து வந்தது. காயத்தைக் கடல்ல வைச்சுக் கழுவினதால வந்தது."

அவன் பாய்ந்தான். என் முக்காட்டையும் கழுத்தையும் சேர்த்துப் பிடித்து உலுக்கினான். மேசை கவிழ்ந்தது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அன்று நான் அறைந்தபோது ஒரு சொல் பேசாதவன் இப்போது என் முகத்துக்கு நேரே அலறினான்.

"பொய்! பொய் சொல்லுறா! அந்தத் தண்ணியில்லை! அந்தத் தண்ணிக்குள்ள வைச்சுத்தான் அண்ணன் என்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினவன்! பிழை உன்னிலயில்லடா, என்னிலதான் எண்டு சொல்லி அழுதவன்! அந்தத் தண்ணியைச் சொல்லாதேங்கோ! கத்தி! கத்தியெண்டு எழுதுங்கோ!"

பொலிஸ்காரர் இருவரும் அவனைப் பிரித்தெடுத்து நிலத்தில் விழுத்தி, முதுகில் முழங்காலை ஊன்றி அமத்தினார்கள். மண் வாய்க்குள் போகப் போகவும் அவன் அதையே சொல்லிக் குழறிக்கொண்டிருந்தான். நான் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அதிகாரி மேசையை நிமிர்த்தி வைத்துவிட்டு, நான் சொன்னதை எழுதினார்.