சன்னல் ஏர்கோனின் கடைசித் தீபாவளி

ஓர் ஏர்கோனைக் கழற்றியபோது எனக்குக் கண் கலங்கியது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, தூசி விழுந்ததுபோல் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். தூசியும் நிஜமாகவே விழுந்தது. அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு குருவிக்கூடு அளவுக்கு அழுக்கு இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், கல்யாணமான புதிதில் வாங்கி மாட்டிய சன்னல் ஏர்கோன் அது. ஓடத் தொடங்கினால் பாரம் ஏற்றிய லோரி மேடேறுகிற சத்தம். கீழே போகும் ரயிலும் அதனிடம் தோற்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மனைவி அதற்கு நேர் கீழே படுத்துக்கொள்வாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த வாரம் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையை வாசித்துக் காட்டுவேன். அவள் கண்ணை மூடியபடி "ம்" என்பாள். சில இடங்களில் அந்த "ம்" சற்று நீளும். அந்த இடங்களை நான் திருத்தவே மாட்டேன். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைப்போல் நிறைவானது வேறில்லை.

தீபாவளி வந்தால் சுவருக்குச் சாயம், டின்னுக்கு முறுக்கு, ஏர்கோனுக்குக் காஸ். எங்கள் ஊர் வழக்கம் அது. விருந்துக்கு வருகிறவர்களுக்கு வேர்க்கக்கூடாதல்லவா? கிள்ளானிலிருந்து வழக்கமான ஏர்கோன்காரர் சிலிண்டரோடு வருவார், நிரப்புவார், முறுக்குத் தின்பார், போவார். ஓட்டையில்லாத ஏர்கோனில் காஸ் குறையவே குறையாது என்பது எனக்குத் தெரியும். அதைப்பற்றி ஒரு கட்டுரையே எழுதியவன் நான். இந்தக் காஸ் ஓசோனையும் அரிக்கிறது, கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியையும் சூடாக்குகிறது, உலக நாடுகள் கூடிக் கையெழுத்திட்டு இதைப் படிப்படியாக நிறுத்துவது மனித குலத்தின் அபூர்வமான புத்திசாலித்தனம் என்றெல்லாம். அதையும் அந்த ஏர்கோனுக்குக் கீழேதான் வாசித்தேன். ஏர்கோன் கசிந்துகொண்டே கேட்டது. நீளமான "ம்" கிடைத்தது.

போன தீபாவளிக்கு முன் ஏர்கோன்காரர் வெறுங்கையோடு வந்தார்.

"பாஸ், பழைய காஸ் கெடைக்கிறதே கஷ்டம் லா. உலகம் பூரா நிறுத்துறாங்க. நீங்கதான் பேப்பர்ல எழுதுற ஆளு, தெரியாதா?"

"தெரியும். எங்கயாவது கொஞ்சம் பதுக்கி வச்சிருப்பீங்களே? உங்க கிள்ளான்ல, மேரு பக்கம் யார்கிட்டயாவது..."

"பேப்பர்ல ஒண்ணு, வீட்ல ஒண்ணா பாஸ்?" என்று சிரித்தார்.

சமையலறையிலிருந்து மனைவி, "கழட்டச் சொல்லுங்க, புதுசு வாங்கிக்கலாம்" என்றாள். குளிர் போய்விடுமே என்று நான் பயப்படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியோடு சேர்ந்து போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

புதியது வந்தது. ஓடுகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும், அத்தனை அடக்கம். முதல் ஞாயிறு, அவள் பழைய இடத்திலேயே வந்து படுத்தாள். எனக்கு உயிர் வந்தது. பழைய ஏர்கோனைப் பற்றி எழுதியதை, இதோ இதே கட்டுரையின் முன்பாதியை, வாசிக்க ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே முதல்முறையாகக் கணீரென்று கேட்டது. "ம்" வரவில்லை. நிமிர்ந்தேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இத்தன வருஷமா இதத்தான் வாசிச்சிக்கிட்டு இருந்தீங்களா?"