பஞ்சர் மாமாவுக்கு உண்டு, அத்தைக்கு இல்லை

மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சி வகுப்பின் முதல் நாள், ஆளுக்கு ஒரு நிமிடம் மைக்கில் தன்னைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள். சர்க்யூட் வரையச் சொன்னால் தூக்கத்தில்கூட வரைவோம். மைக்கைக் கண்டதும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. எங்களில் ஒருத்தி மட்டும் மைக்கை வாங்கி, வாய்க்கு எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்து, தண்ணீர் குடிப்பதுபோலப் பேசி முடித்தாள். டீ குடிக்கும்போது கேட்டதற்கு, "பத்தாவது படிக்கும்போதே ரேடியோவுல பேசினவ நான்," என்றாள். வெறும் பெருமைக்குச் சொன்னதில்லை அது. அந்த ரேடியோவால் அவள் படிப்பே ஒரு வாரம் அந்தரத்தில் தொங்கியது.

அவள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க டவுனுக்குத்தான் போக வேண்டும். டவுனில் அப்பாவின் அக்கா இருந்தாள், தையல்காரி. வீட்டு முன்னறையில் நாலு மெஷின் போட்டு, நாலு பெண்களை வைத்து வேலை வாங்குகிறவள். "ரெண்டு வருஷம் என்கிட்ட இருக்கட்டும்டா," என்று அத்தை சொன்னதை நம்பித்தான் செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பா தலையாட்டியிருந்தார். அந்த வீடு இல்லையென்றால் பதினோராம் வகுப்பும் இல்லை.

ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் அவள் உள்ளூர் வானொலியின் நேயர் விருப்பத்துக்குப் போன் போட்டாள். வகுப்பில் பாதிப் பேர் பேசியாகிவிட்டது. அவள் மட்டும் பாக்கி. சைக்கிள் கடை வாசலில் காசு போடும் போன். கடைக்காரரைப் பிள்ளைகள் எல்லாம் பஞ்சர் மாமா என்பார்கள். 'என் பேரையும் சேர்த்துச் சொன்னால் காசு நான் போடுகிறேன்' என்று அவர் பேரம் பேசினார். இன்றைக்குப் பேசப்போகிறேன் என்று அத்தைக்கும் சொல்லி அனுப்பியாயிற்று. அத்தை மெஷின்களை நிறுத்தச் சொல்லி, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு, ரேடியோ முன் உட்கார வைத்திருந்தாள்.

லைன் கிடைத்தது. யாருக்கெல்லாம் இந்தப் பாட்டு என்று அறிவிப்பாளர் அக்கா கேட்டார். அப்பா, அம்மா, தம்பி, பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பாக்கள், சித்திகள், அவர்கள் பெற்ற வாண்டுகள் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். நல்லதைக் கடைசியில் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று அத்தையைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதற்கு முன்னால் கொடுத்த வாக்குக்காகப் பஞ்சர் மாமா பேரைச் சொன்னாள். தன் பேரைக் கேட்டதும் அந்த மனுஷன் கடை ரேடியோவை முழுசாகத் திருகிவிட்டார். போனுக்குள் கீய்ய் என்று ஒரு சத்தம். ரேடியோவைக் குறைங்க, குறைங்க என்ற அறிவிப்பாளர் அக்கா, ஊரையே கூட்டிட்டு வந்துட்டீங்க போலிருக்கு, எல்லாருக்கும் இதோ பாட்டு என்று முடித்துவிட்டார். அத்தை பேர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மறுநாளே டவுனிலிருந்து சேதி வந்தது. கொண்டு வந்தவர் வேன் ஓட்டுகிற மாமா, அத்தையின் வீட்டுக்காரர். வீட்டில் புதிதாக ஒரு மெஷின் போடப் போகிறார்களாம். ஆள் தங்க இடம் காணாதாம். அதைச் சொல்லிவிட்டு, சொல்லச் சொன்ன இன்னொன்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பஞ்சர் ஒட்டுறவனுக்குப் பாட்டு உண்டு, கூடப் பொறந்தவளுக்கு இல்லையான்னு கேக்கறா."

அப்பா சட்டையை மாட்டினார், நேரில் போய்க் காலில் விழுந்தாவது சமாதானம் செய்வதற்கு. அம்மா, வாயை வாடகைக்கு விட்டால் இப்படித்தான் என்று மகளைக் கரித்துக் கொட்டினாள். அவள் அழவில்லை.

"அடுப்படியில போய் மன்னிப்பு கேட்டா யாருக்குப்பா தெரியும்? மானம் போனது ரேடியோவுல. ரேடியோவுலயே வாங்கித் தரேன்," என்றாள்.

அடுத்த வாரம் அதே போன். எடுத்தது அறிவிப்பாளர் அக்கா இல்லை, லைனைப் பார்த்து உள்ளே அனுப்புகிற ஆள். குரலைக் கேட்டதும் கண்டுகொண்டார். "ஒரு தடவை பேசினா அந்த மாசம் திரும்பப் பேச முடியாதும்மா."

"போன வாரம் நான் பேசி முடிக்கலைங்க சார். பாதியில நிறுத்தினது நீங்க. மிச்சம் ஒரு பேர்தான் இருக்கு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. லைன் உள்ளே போனது.

"ஊரையே கூட்டிட்டு வந்த பொண்ணா?" என்றார் அறிவிப்பாளர் அக்கா.

"ஆமாங்க்கா. போன வாரம் சொன்ன யாருக்கும் இன்னிக்குப் பாட்டு இல்ல. எங்க அத்தைக்கு மட்டும்தான்," என்று அத்தையின் பேரையும் தெருவையும் நிறுத்திச் சொன்னாள். என்ன பாட்டு வேண்டும் என்றதற்கு, எதுவானாலும் சரி, பேர் மட்டும் இன்னொரு தடவை உங்கள் வாயால் வர வேண்டும் என்றாள். வந்தது. அத்தோடு விட்டாளா? "அத்தை, ஒண்ணாந்தேதி பெட்டியோட வரேன். இடம் இல்லேன்னா மெஷினுக்கு அடியில படுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள். பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. இப்படி ஊர் கேட்கச் சொன்ன பிறகு எந்த அத்தை வராதே என்பாள்? அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவள் வாயைத் திறந்ததே.

மறுநாள் காலை வேன் மறுபடியும் வந்தது. மாமா இந்த முறை நிமிர்ந்து பேசினார். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே அத்தை ரேடியோவை நிறுத்திவிட்டாளாம். கேட்டாச்சுல்ல, வேலையைப் பாருங்க என்று மெஷின்காரப் பெண்களை விரட்டினாளாம். தெருமுனைவரை எதற்கோ இரண்டு தரம் நடந்து வந்தாளாம்.

"உன்கிட்ட என்ன சொல்லச் சொன்னா தெரியுமா? மெஷினுக்கு அடியில படுக்க அவ என்ன பூனையா, கட்டிலைக் காலி பண்ணி வெச்சிருக்கேன், இன்னிக்கே கிளம்பி வரச் சொல்லு, அப்படின்னா."

ஒன்றாம் தேதிவரை காத்திருக்காமல் அதே வேனில் ஏறினாள். சித்தப்பாக்கள் மட்டும், கும்பலோடு கோவிந்தா போடுவதற்கு நாங்கள், தனிப்பாட்டுக்கு அக்காவா என்று கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். அத்தை வீட்டில் இரண்டு வருஷம் என்றது ஆறு வருஷம் ஆனது. பள்ளிக்கூடமும் என்ஜினீயரிங்கும் அந்தக் கட்டிலில் படுத்து எழுந்துதான் முடித்தாள்.

இப்போது அவள் டவுனுக்கு வெளியே உள்ள துணைமின் நிலையத்தில் உதவிப் பொறியாளர். அவளுக்குக் கீழே பதினோரு ஆண்கள் வேலை பார்க்கிறார்கள்.