சுத்தம் அக்காவும் தெரியாமல் செய்த பாவமும்

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சுத்தம் அக்கா என்று பெயர். ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவி மெஷினில் வைத்து எடுத்து அனுப்புவது அவள் வேலை. அவள் அறைக்குள் செருப்போடு யாரும் நுழைந்துவிட முடியாது. பெரிய டாக்டரே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். "ஆண்டவரே நேர்ல வந்தாலும் செருப்பைக் கழட்டிட்டு வாங்கன்னுதான் சொல்லுவா" என்று அவள் புருஷன் தன் மெக்கானிக் கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் பாருங்கள், ஜெபத்தில் மட்டும் அவளிடம் அந்தக் கெடுபிடி கிடையாது. வெங்காயம் உரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் ஆண்டவரிடம் பேசுவாள். சபைப் பெண்கள் கூட்டத்தில் புதன்கிழமை அவள்தான் பேச வேண்டும் என்று முடிவானது. பைபிளில் இஸ்ரவேலரின் பாவநிவாரண பலியைப் பற்றிய பகுதி. தெரியாமல் பாவம் செய்தவனும் பழுதில்லாத ஆட்டைக் கொண்டுவந்து, அதன் தலைமேல் கைவைத்து, அதைக் கொல்ல வேண்டுமாம். படித்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரியாம செஞ்சதுக்கு எதுக்கு ரத்தம்? ஆண்டவர் என்ன அவ்வளவு கறாரா? பாவம், அந்த ஆடு என்ன பண்ணுச்சு?" என்று பாஸ்டரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"எனக்கும் அது பிடிபடலம்மா. நீங்களே படிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்று நழுவினார் பாஸ்டரம்மா.

செவ்வாய்க்கிழமை காலை, தொடை எலும்பு முறிந்த பஸ் டிரைவர் ஒருவருக்கு ஆபரேஷன். சீக்கிரம் சீக்கிரம் என்று தியேட்டரிலிருந்து போன். மெஷினிலிருந்து துணிக்கட்டை வெளியே எடுத்தாள். மேலே ஒட்டிய நாடா கறுத்திருந்தது. சூடு சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. அனுப்பிவிட்டாள். மெஷினில் கட்டு இருந்த தட்டைத் துடைக்கப் போனபோதுதான் பார்த்தாள். தட்டில் ஈரம். அப்படியானால் கட்டின் அடிப்பக்கம் காயவில்லை. ஈரத்துணி வழியாகக் கிருமி உள்ளே புகுந்துவிடும். எலும்பில் ஏறினால் அந்த மனுஷனுக்குக் கால் போகும். உயிரே கூடப் போகும்.

ஓடினாள். தியேட்டர் வாசலில் தரையில் வரைந்திருந்த சிவப்புக் கோட்டருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. வெளி உடுப்போடு அதைத் தாண்டினால் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுப்போகும். ஐயோ, நல்ல மனசோடுதான் வந்திருக்கிறேன் என்று கோட்டிடம் சொல்ல முடியுமா? நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.

"சிஸ்டர்! அந்த ட்ரேயைத் தொடாதீங்க! அடியில ஈரம்! நான்தான் கவனிக்கல!"

கதவு திறந்தது. முகமூடிக்கு மேலே சிஸ்டரின் கண்கள் மட்டும் தெரிந்தன.

"கீறியாச்சுக்கா."

ட்ரேயை மாற்றினார்கள், புண்ணைக் கழுவினார்கள், மருந்தைக் கூட்டினார்கள். "இனி காய்ச்சல் வருதான்னு பார்க்கணும்மா" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. "ஆண்டவரே" என்று ஆரம்பித்தவள் அதற்குமேல் பேசப் பயந்தாள். ஒரு துணிக்கட்டையே ஈரத்தோடு உள்ளே விடக்கூடாது. இத்தனை வருஷமாக எந்தத் தைரியத்தில் அவர் சந்நிதிக்குள் கையை வீசிக்கொண்டு போய்வந்தோம்?

"தெரியாமத்தானே செஞ்சே, விடு" என்றான் புருஷன்.

"ஈரத்துக்கு அது தெரியாதுங்க."

புதன்கிழமை, கூட்டத்துக்குப் போகுமுன் வார்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். அங்கே அப்படி ஒரு சட்டமே கிடையாது. டிரைவர் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார்.

"யாரும்மா?"

"உங்க ஆபரேஷன் சாமானைக் கட்டி அனுப்பினது நான்தாண்ணே. அதுல ஈரம் இருந்துச்சு. தப்பு என்னோடது."

அவர் அவளையே பார்த்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"குளிருதும்மா. காய்ச்சலான்னு தொட்டுப் பாரு."

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் நெற்றியில் வைத்தாள். வைத்த பிறகுதான் அந்த ஆடு நினைவுக்கு வந்தது. பாவம் செய்தவனின் கை, ஒன்றும் செய்யாத அதன் தலைமேல். அந்த ஆட்டைப்போலத் தன் பாவத்துக்காகச் சிலுவையில் தொங்கியவரின் தலையை இத்தனை வருஷமும் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்; அதன்மேல் தன் கை இருப்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

நெற்றி சுட்டது. "சிஸ்டர்!" என்று அலறினாள். கையை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை.