வெள்ளி பெயின்ட் அடித்த அரிவாள்மணை

என் புத்தி கொஞ்சம் மட்டம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டாம். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற வெள்ளி பெயின்ட்டை அரிவாள்மணைக்கு அடித்த ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து மகள் வந்திருந்தாள். வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு இருக்கும் அம்மாவைப் பார்க்கத்தான். புதிதாக வாங்கிய எஃகுக் கத்தி ஒன்றையும் காட்டக் கொண்டுவந்தாள். கையால் அடித்ததாம். கூடவே ஓர் அட்டை.

"ஊற வைக்கக் கூடாதாம்ப்பா. ஒடனே தொடைச்சி எண்ண தடவணுமாம்."

"இத நானே எழுதிக் குடுத்திருப்பனே!"

"அம்மா எல்லாத்தயும் சொல்லிட்டாங்க. சும்மா இருங்க."

அவள் கிண்ணத்தில் ஊற்றிய தேங்காய் எண்ணெயின் வாசனை என்னை மஞ்சக்குப்பம் வாடகை வீட்டுக்கு இழுத்துப்போனது. எனக்கு அந்த வாசனைக்குப் பின்னாலேயே பெயின்ட் வாசனையும் வரும்.

இதே மகளைப் பெற்றெடுக்கத்தான் அன்று ஸ்டெல்லா நெல்லிக்குப்பத்துக்குப் போயிருந்தாள். அவள் அப்பா கரும்பு வண்டிகளுக்குச் சக்கரம் செய்தவர். எங்கள் கல்யாணத்துக்காக பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைப் பட்டறையில் அடித்து அலகாக்கி, மிஞ்சிய சக்கரக் கட்டையைத் தானே இழைத்துப் பலகை போட்டுக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை. நறுக்கி முடித்து ஸ்டெல்லா அதைத் துடைப்பது, பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது போலிருக்கும்.

பஸ் ஏறும்போது சொன்னாள்: "அருவாமணய தண்ணில போட்டுடாதீங்க. எண்ண மட்டும் தடவுங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

எண்ணெய் காதில் விழுந்தது. மற்றது விழவில்லை.

அலகு கறுப்பாக இருந்தது. கறுப்பென்றால் அழுக்கு என்பது என் அன்றைய ஞானம். பிள்ளையோடு வருகிறவளை அசத்த வேண்டாமா? சோப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, செங்கல் தூளால் தேய்த்தேன். அலகில் முகம் தெரிந்தது. அந்த முகத்தை மெச்சிக்கொண்டேன். மறுநாள் அலகு முழுக்கத் துரு. உப்பியிருந்த பலகையை மொட்டைமாடியில் காயவைத்தேன். அலகைச் சொருகிய இடத்தில் வெடித்துவிட்டது. பயத்தில் கண்ணில் பட்டது பெயின்ட் டப்பா.

வந்தவள் பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டுச் சமையலறைக்குப் போனாள். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் பலகை வெடிப்பில் விரலை வைத்துக்கொண்டு, "எங்கப்பா எழைச்சதுங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்துபோயிருப்பேன்.

மைதானத்தோரப் பட்டறையில் பெயின்ட்டைச் சுரண்டி, வெடிப்புக்கு இரும்புப் பட்டை போட்டு வாங்கிவந்தாள். "இனிமே இத நீங்க தொடக் கூடாது" என்றாள். இருபத்தெட்டு வருஷமாகத் தொடவில்லை.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. தரையில் உட்கார்ந்து அவள் வாழைக்காய் சீவுகிற சரக் சரக் சத்தம் முட்டிவலி வந்ததோடு நின்றது. அதன் பிறகு சமையல் மேடை முன்னால் நின்றபடி கத்திதான். அரிவாள்மணை கதவுக்குப் பின்னால் சும்மா நிற்கிறது. ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதற்கு எண்ணெய் தடவுவதை மட்டும் அவள் விட்டதில்லை.

மகள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். எண்ணெய்க் கிண்ணம் மேடையிலேயே இருந்தது. ஸ்டெல்லா அரிவாள்மணையை இடது கையால் எடுத்துவந்து வைத்துவிட்டு, மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நான் வேணா தடவட்டுமா?"

கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அரிவாள்மணையை மெல்ல என் பக்கம் நகர்த்தினாள்.

"மொதல்ல கைய தொடைங்க."