ஆட்டுக்கல் கோர்ட்டு

ராணியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் திருவண்ணாமலையில் எங்கள் பெண்கள் விடுதியில் அறுபது பேருக்குள் வந்த சண்டைகளையெல்லாம் தீர்த்து வைத்தது சமையல்கார ராணியம்மாள்தான், வார்டன் அல்ல. இதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வேலைக்கு வருவார். வயது முப்பதுகூட ஆகியிருக்காது. நாங்கள் அக்கா என்போம். வாய் மட்டும் மிளகாய். "பருப்பு ஏன்க்கா தண்ணியா இருக்கு?" என்று கேட்டால், "வெயில் ஜாஸ்தியா இருக்குதே, அதுலயே குளிச்சிக்கோ" என்பார்.

கூடப்பிறந்தவர்கள் சோப்புக்காக அடித்துக்கொண்டாலும், தோழிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் தண்டனை ஒன்றுதான். சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் சேர்ந்து இட்லிக்கு மாவாட்ட வேண்டும். ஒருத்தி குழவியைச் சுற்றுவாள், மற்றவள் மாவைத் தள்ளிவிடுவாள். ஒருத்தி கையை ஒருத்தி பார்க்காவிட்டால் விரல் நசுங்கும். அதோடு ஒரு சட்டமும் உண்டு. தன் நியாயத்தை யாரும் பேசக் கூடாது. எதிரில் இருப்பவளின் நியாயத்தை அவளாகவே மாறிச் சொல்ல வேண்டும். அவள் "ஆமா, அதான்" என்றால்தான் எழுந்திருக்கலாம். ஆட்டுக்கல் கோர்ட்டு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

எண்பத்திரண்டில், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, நானும் என் தோழி ஜோதியும் அந்தக் கல்லுக்கு வந்தோம்.

குற்றம் என்னுடையது. ஜோதியின் அப்பா அப்பாசாமி செங்கம் பக்கத்திலிருந்து அவளைப் பார்க்க வந்திருந்தார். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் என்னிடம், "பாப்பா எப்டிமா படிக்குது?" என்று கேட்டார். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் ஃபெயில் என்றேன். பதினெட்டு மார்க் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியோடு கூட்டிப்போகிறேன், மாமன் மகன் காத்திருக்கிறான் என்று ஜோதியிடம் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

அந்த வாரம் ஜோதி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "கேட்டாரு, சொன்னேன். பெரியவங்ககிட்ட பொய் சொல்லணுமா?" என்று நான் விடுதி முழுக்க நியாயம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை ஜோதி குழவியைச் சுற்றினாள். நான் தள்ளிவிட்டேன்.

"தனம், இப்ப நீதான் ஜோதி. சொல்லு," என்றார் அக்கா, கீரை ஆய்ந்துகொண்டே.

"எங்கப்பாகிட்ட என் மார்க்க நான்தான் சொல்லணும். தனம் முந்திக்கிட்டா."

ஜோதி "ஆமா" சொல்லவில்லை. வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சொல்லவில்லை. உளுந்து பொங்கி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் என் வாயிலிருந்தே அது விழுந்தது.

"நான் அடுத்த ரூம் பச்சையம்மா கூட சாப்புட உக்காந்தேன்னு தனத்துக்குப் பொறாமை. அதான் பதினெட்டுனு சொன்னா. வேணும்னே சொன்னா."

குழவி நின்றது. "ஆமா, அதான்," என்றாள் ஜோதி. எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது.

பிறகு அவள் நானானாள். "மூணு வருஷம் ஒரே தட்டுல சாப்புட்டவ, ஒரு வார்த்தை சொல்லாம வேற எடத்துல போய் உக்காந்துட்டா. ஏன்னு கேட்டா சிரிக்கிறா," என்றாள். நான் "ஆமா" என்பதற்குள் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள்.

"மாவுக்கு உப்பு நான் போட்டுக்கிறேன். ரெண்டு பேரும் அந்தாண்ட போய் அழுங்க," என்றார் அக்கா.

நாங்கள் சமாதானமாகிவிட்டோம். ஆனால் விடிந்தால் அப்பாசாமி வந்துவிடுவார். "நீங்க அவருகிட்ட பேசுங்கக்கா," என்று கெஞ்சினேன்.

"கோள் சொல்லும்போது என்னைத் தொணைக்குக் கூப்ட்டியா? வழிதான் தெரிஞ்சிபோச்சே, போ," என்றார்.

காலையில் அவர் வந்ததும் கேட்டருகே போய் நின்றேன். "மாமா, மொதல்ல உங்க பக்கத்த நான் சொல்றேன், தப்புன்னா சொல்லுங்க. பொண்ணு ஃபெயிலாயிட்டா ஊர்ல சிரிப்பாங்க. படிப்பும் இல்லாம, அந்த மாப்பிள்ளையும் கைவிட்டுப் போயி நடுவுல நிக்கும். அதானே உங்க பயம்?"

"ஆமாம்மா, அதான்," என்றார் அப்பாசாமி.

"இப்ப ஜோதி பக்கத்தச் சொல்லட்டுமா?"

கையிலிருந்த மஞ்சள் பையைக் கீழே வைத்தார். நான் ஜோதியாகச் சொன்னதையெல்லாம் கேட்டார். பரீட்சை வரைக்கும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே ஊருக்குப் போனார். அன்றிலிருந்து ஜோதிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது நான்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி நடத்திய கோர்ட்டில் குற்றவாளியாக உட்கார்ந்தவள் நான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

இரண்டு பேர் நம்பரும் வந்திருந்த ரிசல்ட் பேப்பரோடு நாங்கள் இரண்டு பேரும் சமையலறைக்கு ஓடினோம். அக்கா எங்கள் நம்பர்களைக் காட்டச் சொல்லி, விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். அரிவாள்மனையில் இரண்டையும் நறுக்கி எடுத்துக் கதவோரம் போனார்.

"பக்கத்துல பக்கத்துல ஒட்டட்டுமா, இல்ல சண்டை போட்டுக்குமா?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லுமுன்பே சோற்றுப் பருக்கையை நசுக்கி, இரண்டையும் இடைவெளி இல்லாமல் சேர்த்துக் கதவில் ஒட்டிவிட்டார்.