பம்பரம் டீச்சரும் பதினொன்றாம் வகுப்பும்

பாதி குடித்த தேநீரைக் கையெட்டிய இடத்தில் வைத்துவிட்டு டீச்சர் அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுவார். ஆய்வக மேசையில் ஒரு டம்ளர், மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் ஒரு டம்ளர், ஆறாம் வகுப்பு ஜன்னலில் எறும்பு மொய்க்க இன்னொன்று. மதியத்துக்குள் அவற்றைத் தேடிப் பொறுக்கிக் கழுவி வைப்பது அலுவலக உதவியாளர் அம்மாவின் பொறுப்பு. "டீச்சர் எங்கன்னு யாராச்சும் கேட்டா டம்ளரைத் தொட்டுப் பாப்பேன். சுடுதுன்னா பக்கத்துல இருக்காங்க. ஆறிடுச்சுன்னா மேல் கட்டடத்துக்குப் போயிட்டாங்க" என்பார் அந்த அம்மா.

அந்த அரசுப் பள்ளியின் உதவித் தலைமையாசிரியை அவர். பிள்ளைகள் வைத்த பெயர் பம்பரம் டீச்சர். ஒல்லியான உடம்பு, தோளில் ஒரு பை, காதோரம் சொருகி மறந்துபோன பென்சில். பென்சிலைக் காணோம் என்று அவர் தேடுவதை வகுப்பே ரசித்துப் பார்க்கும். யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். அவருடைய அறையில் நாற்காலி உண்டு. அதன்மேல் எப்போதும் விடைத்தாள் கட்டு உட்கார்ந்திருக்கும். நின்றபடியே திருத்துவார், நடந்தபடியே சாப்பிடுவார், தொலைபேசியில் பேசும்போது வராந்தாவின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் அலைவார்.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். பெரிய உடம்பு, நிதானமான ஆள். மனைவியைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "நான் உக்காந்துக்கிட்டே ஊரைச் சுத்துறவன். அவ சுத்திக்கிட்டே ஒரே இடத்துல இருக்குறவ." அதில் பொய்யில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து டீச்சர் இந்தச் சுற்றுச்சுவரைத் தாண்டி வேறு பள்ளிக்குப் போனதில்லை. பதவி உயர்வு தேடி வந்தது. கூடவே மாறுதலும் வந்தது. இரண்டையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் நடத்தப் போய்விட்டார். "இங்க வேலை பாதியில கிடக்கு" என்பதுதான் காரணம். எந்த வேலை என்று கேட்டால் கையை நாலு பக்கமும் வீசிக் காட்டுவார்.

அவர் காட்டுவது கட்டடங்களை. அந்தப் பள்ளி ஒரே மூச்சில் கட்டப்பட்டதல்ல. ஐந்தாம் வகுப்பு வரைக்குமாக ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறைகளில்தான் தொடங்கியது. பிறகு எட்டு வரை உயர்த்தினார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட நீளக் கொட்டகை வந்தது. டீச்சர் இளம் அறிவியல் ஆசிரியையாக வந்து இறங்கியது அந்தக் கொட்டகையில்தான். எட்டு முடித்தவர்கள் மேலே படிக்க வேண்டுமென்றால் ரயிலேறிப் பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டும். போனவர்கள் கொஞ்சம், பெண் பிள்ளைகள் அதிலும் கொஞ்சம். அப்புறம் ஒன்பதும் பத்தும் வந்தன, மாடி வந்தது, ஆய்வகம் வந்தது. அ பிரிவோடு நின்ற வகுப்புகள் ஆ, இ, ஈ என்று பெருகின. வளர்கிற பையன் போன வருஷத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல, பள்ளிக்கு எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் பற்றாமல் இருக்கும். எந்தப் பக்கம் பற்றவில்லை என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் டீச்சர்தான்.

இந்த வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. பத்து வருஷமாகக் கேட்டது. அனுமதி மட்டும்தான் வந்தது, அறை வரவில்லை. தலைமையாசிரியர் ஓய்வு பெறப் போகிறவர், யாரையும் கடிந்து பேசாதவர். உத்தரவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கே உட்கார வைப்பது என்று கேட்டார். டீச்சர் அதற்குள் கால அட்டவணையை எழுத ஆரம்பித்திருந்தார். ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை காலையில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மதியத்தில். ஒரே அறை, இரண்டு வேளை. கணக்கு எங்கும் உதைக்காமல் கச்சிதமாக வந்தது. சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதை பெற்றோர் கூட்டம் வரைக்கும்தான் தாங்கியது. கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஆடைத் தொழிற்சாலையில் முறை வைத்து வேலை பார்ப்பவர்கள். காலையில் வீட்டில் ஆளில்லாதபோது சின்னப் பிள்ளைகளை யார் பார்ப்பது, இருட்டிய பிறகு அவர்களை யார் கூட்டி வருவது என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டார்கள். டீச்சர் எல்லாருக்கும் நடந்து நடந்து பதில் சொன்னார். கடைசி வரிசையில் தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்த ஒரு தாய் மட்டும் சத்தமில்லாமல் எழுந்தார்.

"மூத்தவ காலையில, சின்னவன் மத்தியானம். ரெண்டும் வாசல்ல பாத்துக்கிட்டு மாறிப் போகும், நாங்க மிஷின்ல ஆள் மாத்துற மாதிரி. எங்க பொழப்புதான் அப்படி ஆயிடுச்சு டீச்சர். புள்ளைங்களுமா?"

அன்று மாலையே டீச்சர் அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்தார்.

ஆனால் பதினொன்றாம் வகுப்பைக் கைவிட மனம் வரவில்லை. மறுநாள் காலை ஆசிரியர்கள் வந்து பார்த்தபோது அவர்களுடைய ஓய்வறை வகுப்பறையாக மாறியிருந்தது. மேசைகள் வராந்தாவுக்குப் போய்விட்டன. அலமாரிகள் படிக்கட்டின் கீழே. கரும்பலகையில் 'பதினொன்று, அ பிரிவு' என்று டீச்சரின் சாய்ந்த கையெழுத்து. ஆய்வகத்தை ஒட்டிய சாமான் அறையில் ஆ பிரிவு. கணக்கு ஆசிரியர் வாய் திறந்தார். அவர் பள்ளிக்கே மூத்தவர், கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழில் பேசுபவர். ஒருவரையும் கேட்காமல் இப்படிச் செய்வது முறையா என்றார். இடைவேளைகளில் நாங்கள் எங்கே உட்காருவது என்றார். "ரெண்டு மாசம் சமாளிங்க சார். உக்காந்தா தூக்கந்தான் வரும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார். அன்றிலிருந்து கணக்கு ஆசிரியர் அவரிடம் பேசவில்லை. எதிரில் வந்தால் சுவரைப் பார்த்தபடி போவார்.

டீச்சருக்கு அது உறைக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அறுபதுக்கு மேல் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதும் போவதும், மறுபடி வந்து எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார்.

மூன்றாவது வாரத்தில் மொழியாசிரியை மயங்கி விழுந்தார். இளம் பெண், தலைப்பிள்ளை வயிற்றில். தொடர்ந்து வகுப்புகள் எடுத்துவிட்டு, நடுவில் கிடைத்த இடைவேளையிலும் உட்கார இடமில்லாமல் வராந்தாத் தூணில் சாய்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கணக்கு ஆசிரியர்தான் ஓடிப் போய்த் தாங்கினார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர் பார்த்து இரண்டு நாள் ஓய்வு எடுக்கச் சொன்னார்.

அன்று மாலை டீச்சர் மொழியாசிரியையின் வீட்டுக்குப் போனார். கையில் பழப் பை. அந்தப் பெண்ணின் மாமியார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீச்சர் நின்றுகொண்டே நலம் விசாரித்தார். படுக்கையில் சாய்ந்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்குக் கால் வலிக்காது டீச்சர். அதனால எங்களுக்கும் வலிக்காதுன்னு நெனச்சுட்டீங்க."

குற்றம் சாட்டும் குரல் அல்ல. அதனால்தான் நேராக உள்ளே இறங்கியது. டீச்சர் பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். மாமியார்தான் வாங்கிக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் தெரிந்தவர்கள் இருவர் பேச்சுக் கொடுத்தும் அவர் காதில் விழவில்லை.

அடுத்த நாள் மேசைகளை ஓய்வறைக்குள் அவரே இழுத்துப் போட்டார். கணக்கு ஆசிரியர் வாசலில் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்க்காமல், மேசையின் மறு முனையைப் பிடித்துத் தூக்கினார்.

பதினொன்றாம் வகுப்பின் அ பிரிவு வராந்தாவுக்கு வந்தது. சாரல் அடித்தால் பாதி வகுப்பு நனையும், மீதி வகுப்பு நனைபவர்களைப் பார்த்துச் சிரிக்கும். பள்ளிச் சுவருக்கு அடுத்தாற்போல் சாலைத் துறையின் பழைய கிடங்கு ஒன்று பூட்டியே கிடந்தது. உள்ளே காலித் தார் டிரம்களும் வளைந்த விளக்குக் கம்பங்களும். டீச்சர் சுவருக்கு மேலே எக்கி எக்கிப் பார்ப்பார். சாலை போடும் ஆட்கள் அந்தக் கதவைத் திறந்து பல வருஷம் ஆயிற்று. கிடங்கைக் கேட்கலாம் என்றதும் தலைமையாசிரியர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். வேறொரு துறையின் சொத்து என்றார். கேட்டுப் பார்க்கிறதில் என்ன போகிறது என்று டீச்சர் கிளம்பிவிட்டார்.

கல்வி அலுவலகத்தில் பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை. அந்த நேரத்தில் அதே கட்டடத்தின் மாடியில் இருக்கும் சாலைத் துறைப் பொறியாளரையும் பார்த்துவிடலாமே என்று ஏறிப்போனார். பொறியாளர், உங்கள் அலுவலகம்தான் எங்களைக் கேட்க வேண்டும் என்றார். இறங்கி வந்தால், கூப்பிட்டோம், ஆள் இல்லை, அதிகாரி வெளியே போய்விட்டார் என்றார் எழுத்தர். டீச்சர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கால்களைத் திட்டிக்கொண்டார்.

அடுத்த தடவை கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். பெஞ்சில் அவரைச் சுவரோரம் உட்கார வைத்து, வழியை மறித்தாற்போலத் தன் பெரிய உடம்போடு பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்திரிச்சுப் போனேன்னு வை, உன் பேரைக் கூப்பிடுறப்ப நான் உள்ள போயிடுவேன். போய் நம்ம தெருவுக்கு பஸ் கேட்டுட்டு வந்துடுவேன்" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. முழங்கால் மட்டும் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. கணவர் அதன்மேல் செய்தித்தாளை வைத்துப் படித்தார். எழுத்துகளும் சேர்ந்து ஆடின.

மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். அதிகாரி இவரைவிட வயதில் சின்னவர், களைத்த முகம். இவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பதினொன்றாம் வகுப்பை இந்த வருஷம் நிறுத்தி வைத்துவிட்டு, கட்டடம் வந்த பிறகு தொடங்கலாம் என்றார்.

"ஒரு வருஷந்தானே டீச்சர்."

டீச்சர் உட்கார்ந்தே இருந்தார். குரல் மட்டும் தாழ்ந்தது.

"எனக்கு ஒரு தங்கச்சி சார், ரொம்பச் சின்னவ. எங்க பள்ளிக்கூடத்துலதான் எட்டு படிச்சா. நானே அவளுக்கு டீச்சர். ஒரு வருஷம் பொறு, ஒன்பது வந்துடும்னு எல்லாரும் சொன்னோம். வந்துச்சு. அதுக்குள்ள அவ தையல் மிஷின்ல உக்காந்துட்டா. இன்னும் எந்திரிக்கல."

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாதியில நின்னவங்க யாரும் வேணாம்னு நிக்கல சார். பள்ளிக்கூடம் நின்னுச்சு, அவங்களும் நின்னாங்க."

அதிகாரி தொலைபேசியை எடுத்து மாடிக்குப் பேசினார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. டிரம்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மேலிருந்து கேட்டார்கள் போல. அதிகாரி தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு அதை இவரிடம் கேட்டார். எங்கே வைக்கச் சொன்னாலும் நாங்களே உருட்டிக்கொண்டு போய் வைக்கிறோம் என்றார் டீச்சர். இந்தக் கல்வியாண்டுக்கு மட்டும் என்று கிடங்கு கிடைத்தது. வெளியே வந்ததும் கணவர், நம்ம தெரு பஸ் என்னாச்சு என்று கேட்டார். அப்போதுதான் டீச்சர் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விடுமுறை நாளில் பள்ளியே திரண்டது. பெற்றோர்கள் வந்தார்கள், தொழிற்சாலைச் சீருடைக்காரத் தாய் வேலை முடிந்து நேராக வந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். கணக்கு ஆசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டு டிரம் உருட்டினார். நடுவில் பலகைத் தடுப்பு அடித்து ஒரு கிடங்கை இரண்டு அறையாக்கினார்கள். தார் வாடை போகவில்லை. மொழியாசிரியை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த பெஞ்சு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர்தான் அவரை அங்கே உட்கார வைத்தார், எழுந்திருக்க விடவில்லை.

திங்கட்கிழமை பதினொன்றாம் வகுப்பு உள்ளே போனது. தடுப்புக்கு இந்தப் பக்கம் கணக்கு, அந்தப் பக்கம் மொழிப்பாடம். ஒரு பக்கத்துப் பாடம் மறு பக்கத்துக்கும் கேட்டது. தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்தார். இத்தனை நாளில் அவர் இப்படி நிம்மதியாகச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு வழியாக முடிந்தது என்று டீச்சரிடம் சொல்லத் திரும்பினார். பக்கத்தில் ஆள் இல்லை.

கிடங்கின் பின்னால் முள்செடி மண்டிய வெற்று மனை ஒன்று இருந்தது. அடுத்த வருஷம் இதே பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போவார்கள்; அவர்களுக்குப் பின்னால் இன்னொரு பதினொன்று வரும். டீச்சர் அந்த மனையின் மூலையில், குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்றார். பிறகு முள்ளை விலக்கி விலக்கி, ஒரே அளவாகக் கால் எட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கத் தொடங்கினார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தலைமையாசிரியர் அவரைத் தேடிக்கொண்டு பின்னால் வந்து, என்ன டீச்சர் என்று கூப்பிட்டார்.

டீச்சர் திரும்பவில்லை. எண்ணிக்கை தவறிவிடக் கூடாதென்று, பேசாமல் இருக்கும்படி ஒரு கையைப் பின்பக்கமாக உயர்த்திக் காட்டிவிட்டு, அடுத்த எட்டை வைத்தார்.